ஸ்காலர்ஷிப் முடியுது, செல்லோவையும் திருப்பிக் குடுக்கணும்... அப்புறம்?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. வெஸ்டர்ன் கிளாசிக்கல், செல்லோ (வயலின் மாதிரி, ஆனா ரொம்பப் பெருசு) வாசிக்கிறேன். பன்னெண்டு வயசுலேர்ந்து ஏதாவது ஒரு ஸ்காலர்ஷிப்லதான் படிச்சேன், இப்ப மாஸ்டர்ஸும் அப்படித்தான். ஃபீஸ், தங்கற செலவு எல்லாம் அதுலயே போயிடுது. கையில இருக்கற செல்லோகூட ஒரு டிரஸ்ட் இரவல் குடுத்தது. இன்னும் ஒம்போது மாசத்துல ரெண்டும் முடியுது. கூடப் படிக்கறவங்க "உனக்கென்னப்பா, நீ ஸ்காலர்"ங்கறாங்க, ஆனா அடுத்த வருஷத்துக்கு கையில ஒரு கச்சேரி கூட இல்ல. இன்னொரு ஸ்காலர்ஷிப்புக்குப் போடவா, போட்டிக்குப் போகவா, ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷனா, இல்ல கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிடவா? கிளாஸ் எடுத்தா தோத்துட்டேன்னு ஆயிடுமோன்னு பயமா இருக்கு. வீட்டுல வேற எப்ப சம்பாதிக்கப் போறன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. – செல்லோக்காரி

பதில்: அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீ-ன்னே பேசறேன், தப்பா எடுத்துக்காதம்மா. உன் லெட்டரை மூணு தடவ படிச்சேன். ஃபீஸ் இருக்கு, தங்கற செலவு இருக்கு, செல்லோ இருக்கு, ஆனா உன்னைத் தேர்ந்தெடுத்த ஒரு மனுஷன் கூட அதுல இல்ல. பன்னெண்டு வருஷமா உனக்கு யார் யாரோ காசு குடுத்திருக்காங்க, அதுக்கு முன்னாடி யாரோ நாலு பேர் ஒரு ரூம்ல உக்காந்து நீ வாசிச்சதைக் கேட்டு, இந்தப் பொண்ணுக்குக் குடுக்கலாம்னு முடிவு பண்ணிருக்காங்க இல்ல, அவங்கல்லாம் இப்ப எங்க? அவங்க பேரு உனக்கு ஞாபகம் இருக்கா?

ஏன் கேக்கறேன்னா, உன் வாத்தியத்துலயே ஒரு கதை இருக்கு. கில்ஹெர்மினா சுஜியான்னு போர்ச்சுகல்ல பொறந்த ஒரு பெரிய செல்லிஸ்ட், 1950-ல இறந்தாங்க, தன்னோட ஸ்ட்ராடிவாரியஸ் செல்லோவை (ரொம்பப் பழசு, ரொம்ப விலை ஒசந்தது) வித்து அந்தக் காசுல சின்ன வயசு செல்லிஸ்ட்டுகளுக்கு உதவணும்னு எழுதி வெச்சிட்டுப் போனாங்க. 1956-ல அந்த சுஜியா பரிசு பதினோரு வயசு ஜாக்குலின் டு ப்ரேக்குக் கெடச்சது. லெசன் செலவுக்கு அது ஆச்சு, சரி, ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணைக் கேட்ட குழுவுல யார் இருந்தார்னு பாரு, ஜான் பார்பிரோலி. அவரே செல்லோ வாசிச்சு வந்து, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தற கண்டக்டர் ஆன ஆளு. ஒம்போது வருஷம் கழிச்சு, 1965-ல, எல்கர்ங்கற இங்கிலாந்து கம்போஸரோட செல்லோ கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோட செல்லோ தனியா முன்ன வந்து வாசிக்கறது) ரெக்கார்டிங்ல அவ வாசிக்க கண்டக்ட் பண்ணினது அதே பார்பிரோலிதான். இன்னிக்கு வரைக்கும் செல்லோ தொடுற ஒவ்வொருத்தரும் அதைக் கேட்டுட்டுதான் வளர்றாங்க, நீயும் கேட்டிருப்ப. பரிசுப் பணம் என்னிக்கோ செலவாயிடுச்சு, அந்த ரூம்ல உக்காந்து கேட்ட காது அப்படியே இருந்துது.

அவ மேதைக்கா, என்னை எதுக்கு அவகூட வெச்சுப் பேசறன்னு சொல்வ. சரி, செக் கம்போஸர் ட்வோர்ஷாக்கைப் பாரு. 33 வயசு வரைக்கும் பிராகைத் தாண்டி யாருக்கும் பெருசா தெரியாத ஆளு. தியேட்டர் ஆர்க்கெஸ்ட்ராவுல பல வருஷம் வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெருசு) வாசிச்சார், அதை விட்டுட்டு பியானோ டியூஷன், சர்ச்ல ஆர்கன். 1874-ல ஆஸ்திரிய அரசாங்கம் ஏழைக் கலைஞர்களுக்குக் குடுக்கற உதவித்தொகைக்கு மனு போட்டார், கூடவே ரெண்டு சிம்பொனியோட சேத்து ஒரு கட்டு ஸ்கோர் அனுப்பினார். 400 குல்டன் (அப்ப அங்க இருந்த காசு) கெடச்சது. அதோட நிறுத்தல, திரும்பத் திரும்பப் போட்டார். ஜூரியில பெரிய கம்போஸர் பிராம்ஸ் இருந்தார். 1877 கடைசில பிராம்ஸ் தன்னோட பதிப்பாளர் சிம்ராக்குக்கு, இந்த ஆளோட டூயட் பாட்டுகளைப் பாருங்கன்னு ஒரு லெட்டர் போட்டார், அவ்வளவுதான். மறு வருஷமே சிம்ராக் அதை அச்சுப் போட்டு ஸ்லாவிய நடனங்களும் எழுதச் சொல்லி, ட்வோர்ஷாக் பேரு ஐரோப்பா முழுக்கப் போயிடுச்சு. (அந்த டூயட்டுக்கு சிம்ராக் பைசா குடுக்கல, அது வேற கதை. பப்ளிஷர்ங்க அன்னிக்கும் அப்படித்தான்.)

அதனால உன் நாலு கேள்விக்கு முன்னாடி நான் சொல்ற வேலை இதுதான். ஒரு நோட்டுல, உன்னை இதுவரைக்கும் ஆடிஷன்ல, இன்டர்வியூல, மாஸ்டர் கிளாஸ்ல கேட்டவங்க பேரெல்லாம் எழுது, ஸ்காலர்ஷிப் ஆஃபீஸ்ல ஃபைல் பாக்கற அம்மாவையும் சேத்து. ஒவ்வொருத்தருக்கும் நாலு வரி போடு. இப்ப என்ன வாசிக்கறேன், இந்தத் தேதி இந்த எடத்துல வாசிக்கறேன், வந்தா சந்தோஷம். அவ்வளவுதான். எதுவும் கேக்காத, "எனக்கு ஏதாவது வாய்ப்பு இருந்தா"ங்கற வரியே வரக்கூடாது, அதைப் படிச்ச உடனே அவங்களுக்கு உன்னை நெனச்சா பாரமாயிடும். எங்கயும் வாசிக்கலையேன்னா, காலேஜ் ஹால்ல நீயே ஒரு சாயங்காலம் ஏற்பாடு பண்ணு, ஸ்டூடண்ட்டா இருக்கற வரைக்கும் ஹால் கேட்டா அனேகமா கெடைக்கும், வெளில வந்துட்டா அதுக்கும் வாடகை.

இதை நான் புக்குல படிச்சுட்டு சொல்லல. நானும் உன் வயசுல ஸ்காலர்ஷிப்ல வயோலா படிச்சவதான், குடுத்தவங்க வருஷா வருஷம் ஒரு ரிப்போர்ட் கேப்பாங்க, நான் அதை வருமான வரி கட்டற மாதிரி கடைசி நாள்ல ரெண்டு வரி கிறுக்கி அனுப்பிடுவேன், படிப்பு முடிஞ்சதும் தொடர்பே விட்டுப் போச்சு. பத்து வருஷம் கழிச்சு அந்தக் குழுவுல இருந்த ஒரு வயசான மனுஷனைத் தற்செயலா ஒரு கச்சேரி இடைவேளையில பாத்தேன், "நீ வாசிக்கறத விட்டுட்டன்னு நெனச்சேன்"னார். அப்ப அவர் ஒரு ஃபெஸ்டிவலே நடத்திட்டிருந்தாராம், ஒவ்வொரு வருஷமும் வயோலாவுக்கு ஆள் தேடுவாராம். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க தூக்கமில்ல.

இப்ப உன் கேள்விக்கு வரேன். இன்னொரு ஸ்காலர்ஷிப் போடலாமா? போடு, ஆனா எதுக்குப் போடறன்னு பாத்துப் போடு. வெறும் ஃபீஸ் கட்டிட்டு இன்னொரு ரெண்டு வருஷம் பிராக்டிஸ் ரூம்ல அடைக்கறது ஒண்ணு இருக்கு, உனக்கு அது போதும்மா, பன்னெண்டு வருஷம் ஆச்சு. இன்னொரு வகை, உன்னை மேடை நாற்காலியில உக்கார வெக்கறது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோட கராயன் அகாடமி 1972-லேர்ந்து இருக்கு, மாசாமாசம் உதவித்தொகை, அந்த ஆர்க்கெஸ்ட்ரா ஆளுங்களே லெசன் எடுப்பாங்க, அவங்களோடயே மேடையில உக்காந்து வாசிப்ப, அங்கேர்ந்து அதே ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ள போனவங்க நிறைய பேர். மயாமில 1987-ல ஆரம்பிச்ச நியூ வேர்ல்டு சிம்பொனி முழுக்க முழுக்க உன்னை மாதிரி படிப்பு முடிச்சவங்களுக்கானது, மூணு வருஷம், தங்க எடமும் குடுத்துடறாங்க. தனியா வாசிக்கணும், நாலு பேர் சேந்து வாசிக்கற குவார்டெட் வேணும்னா லண்டன்ல 1984-லேர்ந்து ஒய்சிஏடின்னு ஒரு டிரஸ்ட், கையில காசக் குடுத்துட்டு விட்டுடாம கச்சேரி பிடிச்சுக் குடுக்கற வேலையையும் பாக்கறாங்க. பிபிசியோட நியூ ஜெனரேஷன் ஆர்ட்டிஸ்ட்ஸ்ங்கற திட்டத்துல எடுத்தா ரெண்டு வருஷம் ரேடியோவுல உன் வாசிப்பு வரும். அமெரிக்காவுல கர்ட்டிஸ் மாதிரி 1928-லேர்ந்து யாருக்குமே ஃபீஸ் வாங்காத காலேஜ் இருக்குதான், ஆனா திரும்பவும் காலேஜ்னு போகாத. ஸ்காலரா இருக்கறதே ஒரு வேலையாப் போயிடும், முப்பது வயசுல அப்ளிகேஷன் மட்டும் பிரமாதமா எழுதத் தெரிஞ்ச ஆட்களை நான் பாத்திருக்கேன்.

போட்டி? ஒண்ணு ரெண்டு போ, ஜெயிக்கறதுக்குன்னு இல்ல, ஒரு மணி நேரப் புரோகிராம் விரல்ல ஊறும், ஜூரி காதுல விழுவ, அது போதும். பிரஸ்ஸல்ஸ்ல குயின் எலிசபெத் போட்டில 2017-லேர்ந்து செல்லோவும் உண்டு, முப்பது வயசு வரைக்கும் விடறாங்க, அதனால அவசரம் இல்ல. தோத்தா மனசு ஒடஞ்சிடாத. பிரெஞ்சு கம்போஸர் ராவெல், அங்க இளம் கம்போஸர்களுக்குக் குடுத்த ரோம் பரிசுக்கு அஞ்சு தடவ போனார், அஞ்சாவது தடவ, 1905-ல, முதல் ரவுண்டுலயே வெளிய அனுப்பிட்டாங்க, அப்ப அவரோட ஸ்ட்ரிங் குவார்டெட் ஊரெல்லாம் வாசிச்சிட்டிருந்தாங்க. அது பெரிய ரகளையாச்சு, அதே வருஷம் பாரிஸ் கன்சர்வேட்டரிக்கு டைரக்டரும் மாறினார்.

ஆடிஷனுக்கு நாளைக்கே தயார் பண்ண ஆரம்பி, இதுல நான் பிடிவாதமாவே சொல்றேன். சோலோ வாசிக்கறவங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷன்னா கொஞ்சம் இளக்காரம் இருக்கும், போய் நின்னா தெரியும். முதல் ரவுண்டு பல எடத்துல திரைக்குப் பின்னாடி, பாஸ்டன் ஆர்க்கெஸ்ட்ராவுல 1952-லேர்ந்தே அப்படி, நீ யாரோட ஸ்டூடண்ட், எந்த ஸ்காலர்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஹைடனோட டி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ கொஞ்சம் வாசிக்க விடுவாங்க, அப்புறம் பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனியோட ரெண்டாவது மூவ்மென்ட் (பகுதி) ஆரம்பம், பிராம்ஸோட ரெண்டாவது சிம்பொனியில ரெண்டாவது மூவ்மென்ட், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் கூட இருக்காது. கேக்க சுலபமா இருக்கும், அந்த ஒரு நிமிஷத்துல தாளம் ஒரு மயிரிழை ஆடினா போச்சு. ஒம்போது மாசம்ங்கறது அதுக்குச் சரியான காலம். வேலை கெடைக்கலைன்னாலும், நல்லா வாசிச்சா ஆள் கொறையறப்ப கூப்பிடற லிஸ்ட்ல பேரைப் போட்டுக்குவாங்க, நிறைய பேரோட முதல் சம்பளம் அங்கேர்ந்துதான் வருது.

கிளாஸ் எடுக்கறது தோல்வியான்னு கேட்ட. மெண்டல்சன்ங்கற கம்போஸர் பேர்ல ஏற்படுத்தின ஸ்காலர்ஷிப்பை 1856-ல முதல் முதலா வாங்கினது பதினாலு வயசு ஆர்தர் சல்லிவன், பின்னாடி இங்கிலாந்துல பெரிய கம்போஸர் ஆனவர், அது அவரை ஜெர்மனியில லைப்சிக் வரைக்கும் படிக்கக் கொண்டு போச்சு. திரும்பி வந்து 1862-ல கிரிஸ்டல் பேலஸ்ல அவர் இசையை வாசிச்சு லண்டனே பேசிச்சு. அப்பவும் சோத்துக்கு சர்ச் ஆர்கனும் டியூஷனும்தான். ட்வோர்ஷாக்கும் அப்படித்தான்னு மேலயே சொன்னேன். வாரத்துல ரெண்டு நாள் கிளாஸ் வை, காலை நேரத்தை மட்டும் யாருக்கும் குடுக்காத, அது உன் கைக்கு. வீட்டுல கேட்டா அந்த ரெண்டு நாள் வருமானத்தைக் காட்டு, கனவைப் பத்தி எத்தன பேசினாலும் அவங்களுக்கு வராத நிம்மதி மாசாமாசம் ஒரே தேதியில வர்ற சின்னத் தொகையில வந்துடும். "எக்ஸ்போஷர் கெடைக்கும், சும்மா வாசி"ன்னு வர்றவங்ககிட்ட மட்டும் ஒரே ஒரு கேள்வி கேளு, ஹால் வாடகை குடுக்கறீங்களா, லைட்டுக்காரருக்குக் குடுக்கறீங்களான்னு. நான் கேக்கத் தெரியாம மூணு வருஷம் ஒரு எடத்துக்கு டாக்ஸி காசும் சொந்தமாப் போட்டு வாசிச்சிருக்கேன்.

கடைசியா செல்லோ. நீ இதை லெட்டர்ல ஒரே வரில தாண்டிப் போயிட்ட, ஆனா எனக்கென்னவோ ராத்திரி உன்னைத் தூங்க விடாதது இதுதான்னு தோணுது. இரவல் வாத்தியத்துல வாசிக்கறது அவமானம் இல்ல, 2016-ல பிபிசி யங் மியூசிஷியன் போட்டி ஜெயிச்ச ஷேக்கு கானே மேசன் இன்னிக்கு வாசிக்கற 1700-ஆம் வருஷம் கோஃப்ரில்லர்ங்கறவர் செஞ்ச செல்லோவும் இரவல்தான். டிரஸ்ட்டுக்கு இப்பவே எழுதி, நீட்டிக்க முடியுமான்னு நேரா கேளு, மேல எதுவும் கேக்காதன்னு சொன்னேன், இங்க மட்டும் கேக்கலாம். அடுத்த ஆள் காத்திருக்காங்கன்னு சொன்னா வேற ஃபண்டுக்கு இந்த மாசமே மனு போடு, குழு கூடறது பல எடத்துல வருஷத்துக்கு ஒரு தடவதான். எது இரவல் வாங்கினாலும் இன்ஷூரன்ஸ் யார் கட்டறது, ரிப்பேர் யார் செலவு, பிளேன்ல எடுத்துட்டுப் போகலாமா, இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கோ (செல்லோவுக்குன்னு தனியா ஒரு சீட்டு டிக்கெட் எடுக்கணும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல). வில்லு மட்டும் சொந்தமா வாங்கப் பாரு, வாத்தியம் மாறினாலும் கைக்குப் பழகின வில்லு ஒண்ணு கூடவே இருக்கும். அப்புறம், சுமாரான செல்லோ ஒண்ணை யார்கிட்டயாவது கேட்டு வாங்கி, இன்னிலேர்ந்து தெனம் ஒரு மணி நேரம் அதுல வாசி. முதல் வாரம் அழுகையா வரும், ஓநாய்ச் சத்தம் போடற (நடுங்கி உறுமற) சுரம் எங்க இருக்குன்னே ரெண்டு நாள் தேடுவ, மூணாவது வாரம் பீத்தோவன் அஞ்சாவதுல அந்த ஆரம்ப மெட்டு உன் குரல்லயே வர ஆரம்பிக்கும், அப்ப எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.