நாளுக்கு 25 மணித்தியாலம் படித்தால் பட்டதாரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர்தரப் பரீட்சையில் 2சி, 1எஸ். பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் வணிக முகாமைத்துவப் பட்டத்தை ஆறு மாதத்தில் ஒன்லைனில் முடிக்கலாம் என்று ஊரில் ஒரு அண்ணா ஆள் சேர்க்கிறார். மூன்றரை லட்சம். மட்டக்களப்பு ஹோட்டலில் பட்டமளிப்பும் வைப்பார்களாம். 'அரசாங்கப் பதிவு' என்று ஒரு பத்திரமும் காட்டினார். அம்மா தாலிக்கொடியை ஈடு வைக்கத் தயார். சேரலாமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கொடியைக் கழற்ற வேண்டாம் என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள் தங்கச்சி. மறுகா கணக்குப் பார்ப்போம்.

இலங்கையின் தகைமைச் சட்டகப்படி மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். ஆகமொத்தம் 4500. இதை ஆறு மாதத்துக்குள், அதாவது 180 நாளுக்குள் அடைத்தால் நாளுக்கு 25 மணித்தியாலம் வருகிறது. தூங்காமல், சாப்பிடாமல், போனையும் பார்க்காமல் படித்தாலும் தினமும் ஒரு மணித்தியாலம் கடன் விழும். உயர் டிப்ளோமா முடித்தவர்கள் டொப்-அப் என்று கடைசி வருடத்தை மட்டும் படித்துப் பட்டம் எடுப்பதுண்டு, அது நேர்மையான வழிதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது உயர்தரம் மட்டும். எதன் மேல் 'டொப்' போடப்போகிறார் அந்த அண்ணா?

அவர் காட்டிய பத்திரம் அனேகமாகக் கம்பனிப் பதிவாக இருக்கும். 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் யாரும் கம்பனி பதியலாம், ஆரையம்பதியில் ஐஸ்கிரீம் விற்கவும் அதே பதிவுதான். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவைக் காட்டினாலும் அது தொழிற்பயிற்சி நடத்துவதற்கானது, பட்டம் கொடுப்பதற்கு அல்ல. பத்திரத்தில் சிங்க முத்திரை இருந்தால் நம் ஆட்கள் அதற்கு மேல் ஒரு வரியும் வாசிப்பதில்லை, அதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டம் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் தந்தது யார்? பதிலை அவர் வாயிலிருந்து எடுக்காதீர்கள், நீங்களே தேடுங்கள். பிரித்தானியாவில் அனுமதியில்லாமல் பட்டம் கொடுப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அனுமதி உள்ளவர்களின் பட்டியலை அந்த நாட்டு அரசாங்கமே இணையத்தில் போட்டிருக்கிறது. அப்புறம், நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பதற்குச் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலைப் பார்க்கிறது. அந்தச் சங்கம் யுனெஸ்கோவோடு சேர்ந்து நடத்தும் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் பெயரை அடித்து நீங்களே தேடலாம், காசில்லை. எழுத்துக்கு எழுத்து பாருங்கள், ஏனென்றால் பிரபலமான பெயரில் ஓரெழுத்தை மாற்றி வைப்பது இவர்களின் பழைய வித்தை. பெயர் இருந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. இந்த அண்ணா உங்கள் முகவர்தானா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அவர் தந்த முகவரிக்கு அல்ல, நீங்கள் கண்டுபிடித்த முகவரிக்கு. உண்மையான பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் இணைய முகவரி பெரும்பாலும் 'டொட் ஏசி டொட் யூகே' என்றுதான் முடியும்.

ஒன்லைன் என்பதற்காக ஒதுக்கச் சொல்லவில்லை. தூரத்திலிருந்து படிக்க வேண்டுமென்றால் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலேயே நிலையம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வெளிவாரிப் பட்டங்களை விசாரித்துப் பாருங்கள். வருடங்கள் எடுக்கும், அலுப்புத் தட்டும், ஆனால் நாளைக்கு அரச வேலை நேர்முகத்தில் அந்தப் பத்திரத்தை நீட்ட உங்கள் கை நடுங்காது.

கேள்வி: கட்டாரில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். அனுபவத்துக்கே பட்டம் தருவதாக ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் வட்ஸ்அப்பில் வருகிறது. 12 வருட அனுபவம் வீணாகத்தானே போகிறது, எடுத்தால் என்ன?
- வாசகர், சாய்ந்தமருது

பதில்: 2004இல் பென்சில்வேனியா சட்டமா அதிபர் அலுவலகம் இப்படி ஒரு 'பல்கலைக்கழகத்தை' சோதிக்க ஒரு பூனையின் பெயரில் விண்ணப்பித்தது. 299 டொலருக்குப் பட்டம். பூனையின் 'வேலை அனுபவத்தை' பார்த்துவிட்டு இன்னும் 100 டொலர் கட்டினால் எம்பிஏயே தரலாம் என்றார்கள், கொடுத்தும் விட்டார்கள். உங்கள் 12 வருடத்துக்கும் அங்கே அதே மரியாதைதான் தம்பி.

பூனைக்கு நட்டமில்லை, உங்களுக்கு உண்டு. கராச்சியிலிருந்து போலிப் பட்டம் விற்ற அக்ஸாக்ட் என்ற நிறுவனத்தை 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. பார்க்லி, கொலம்பியானா என்று கேட்ட மாதிரி இருக்கும் பெயர்கள், நூற்றுக்கணக்கான இணையத்தளங்கள், பேராசிரியர் வேடத்தில் கூலிக்கு நடிகர்கள். அங்கீகாரம் கொடுத்ததாகக் காட்டிய சபைகளும் அவர்களே உண்டாக்கியவை. இதில் மோசமானது பிறகு நடந்தது: பட்டம் வாங்கியவர்களுக்கே அதிகாரிகள் பேசுவதுபோல் போன் எடுத்து மிரட்டி இன்னும் காசு கறந்தார்கள். வாங்கியவர் எந்த முகத்தோடு பொலிசுக்குப் போவார்?

எனக்கும் இதில் ஒரு சூடு உண்டு. இளவயதில் கம்ப்யூட்டர் டிப்ளோமா ஒன்றுக்குக் காசு கட்டினேன், கடைசிப் பரீட்சைக்குப் போனால் கதவில் பூட்டு. சான்றிதழை மட்டும் தபாலில் அனுப்பியிருந்தார்கள், பரீட்சை எழுதாமலே திறமைச் சித்தி.

கேள்வி: சென்னைக்குப் போய்க் 'கலாநிதி'யாகத் திரும்பிய எங்கள் ஊர்ப் பிரமுகரின் பெயரை விழா அழைப்பிதழில் எப்படிப் போடுவது?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: 2023இல் அண்ணா பல்கலைக்கழக மண்டபத்தில் ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர், அதாவது கலாநிதிப் பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகமே பொலிசில் முறையிட்டது, மண்டபம் மட்டும்தான் அவர்களுடையது. உங்கள் பிரமுகருக்குப் பட்டம் தந்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். பெயர் வரவில்லையென்றால் 'திரு' போடுங்கள். கோபித்துக்கொண்டால் எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கிவிடுங்கள்.