மைதானக் கேள்விகள்: விசிலை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: ஒரு கலவன் பாடசாலையில் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளராக இருக்கிறேன். அடுத்த தவணையிலிருந்து விளையாட்டுத்துறை முழுவதையும் பொறுப்பேற்கும்படி அதிபர் கேட்கிறார். அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்போல் (நம் உதைபந்தாட்டம் அல்ல, றக்பியை ஒத்த அவர்களின் ஆட்டம்) பயிற்றுவிப்பாளர்கள் இப்படித்தான் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர்களாக வருகிறார்களாம். ஏற்றுக்கொள்ளலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பதவி உயர்வு என்று நினைத்து ஏற்க வேண்டாம். அது முற்றிலும் வேறு வேலை.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் பரி அல்வாரெஸைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். 1990இல் அவர் ஃபுட்போல் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராகப் போன முதல் பருவத்தில் 11 போட்டிகளில் 10 தோல்வி. அந்த நாட்களில் அங்கே விளையாட்டுத்துறையிடம் காசும் இல்லை. 1991இல் பேஸ்போல் அணியையே நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு 1994 ஜனவரியில், பருவ முடிவில் நடக்கும் பெரிய போட்டியான ரோஸ் போல் கிண்ணத்தை வென்றார். 1999லும் 2000லும் மறுபடி வென்றார். 2004இல் பணிப்பாளர் பொறுப்பும் கைக்கு வந்தது. 2005 பருவத்தோடு பயிற்சியை விட்டுவிட்டு, 2021 வரை பணிப்பாளராகவே இருந்தார்.

எனக்கு அந்த மூன்று கிண்ணங்களைவிட 2012 டிசம்பர்தான் பெரிது. தனக்குப் பின் அவரே தெரிந்தெடுத்த பிரெட் பீலமா, ரோஸ் போலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஆர்கன்சோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு போட்டிக்குப் பயிற்றுவிக்கும்படி வீரர்கள் அல்வாரெஸிடமே வந்து கேட்டார்கள். இறங்கினார். ஸ்டான்ஃபோர்டிடம் 14–20 என்று தோற்றார்கள். இரண்டு வருடம் கழித்து அடுத்த பயிற்றுவிப்பாளரும் இதேபோல் விலகிப் போக, 2015 ஜனவரியில் அவுட்பக் போல் என்ற இன்னொரு பருவ முடிவுப் போட்டியில் மறுபடி இறங்கினார். இந்த முறை ஓபர்ன் அணியை மேலதிக நேரத்தில் 34–31 என்று வென்றார்கள். வென்றும் தோற்றும் ஒரே மாதிரித்தான் நடந்துகொண்டார்: போட்டி முடிந்ததும் அணியைப் புதியவரிடம் கொடுத்துவிட்டுத் தன் அலுவலகத்துக்குப் போனார். இத்தனை வருடம் விசில் ஊதிய ஒருவருக்கு அது லேசான காரியம் இல்லை.

உங்களுக்கும் அந்த நாள் வரும். புதிய பயிற்றுவிப்பாளர் இரண்டு போட்டி தோற்றால் பழைய மாணவர்கள் உங்களுக்குத்தான் ஃபோன் எடுப்பார்கள். "சேர், நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோ" என்பார்கள். போகாதீர்கள்.

இன்னொன்று. கொழும்பில் ஒரு பாடசாலையில் பின்னேரம் 4 மணிக்கு நான் பார்த்தது இது. மைதானம் முழுவதும் உதைபந்தாட்டப் பையன்கள். வலைப்பந்தாட்டப் பிள்ளைகள் தாங்கள் ஆடும் இடத்தைக் குறிக்கும் 'ஜீ.ஏ.', 'சி' என்ற எழுத்துப் பதித்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு நடைக்கூடத்தில் காத்திருந்தார்கள். வலயமட்டப் போட்டி நெருங்கிவிட்டது, பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் நல்லவர்தான். ஆனால் மனதளவில் அவர் இன்னும் உதைபந்தாட்ட சேராகவே இருந்தார். அந்தப் பிள்ளைகள் அவர் கண்ணில் படவே இல்லை. அமெரிக்காவில் 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம், அரச பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்கிறது. அங்கே ஃபுட்போலிலிருந்து வந்த பணிப்பாளரும் பெண்கள் அணிகளின் மைதானத்துக்கும் பயணச் செலவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நம் பாடசாலைகளில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். முதல் வேலையாக மைதான நேர அட்டவணையைக் கையில் எடுங்கள். பஸ் வாடகைக்கு யாருக்கு எவ்வளவு போகிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: மகன் பாடசாலையில் றக்பி விளையாடுகிறான். அமெரிக்கர்களின் ஃபுட்போலும் அதுவும் ஒன்றா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உறவு உண்டு, ஒன்றில்லை. முட்டை வடிவப் பந்து இரண்டிலும் இருக்கிறது. றக்பியில் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. அமெரிக்க ஃபுட்போலில் முன்னோக்கி எறிவதுதான் ஆட்டத்தின் உயிரே. பந்து இல்லாதவரை மறித்துத் தள்ளவும் அங்கே இடமுண்டு. அங்கே ஒரு பக்கத்துக்கு 11 பேர், றக்பி யூனியனில் 15 பேர். மகன் றக்பியையே ஆடட்டும், அருமையான ஆட்டம்.

கேள்வி: பயிற்றுவிப்பாளர், பணிப்பாளர் இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தால் என்ன?
– வாசகர், தெஹிவளை

பதில்: பார்த்திருக்கிறார்கள். அல்வாரெஸே பயிற்றுவித்த கடைசிக் காலத்தில் இரண்டையும் சுமந்தார். மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்போல் பயிற்றுவிப்பாளர் போ ஷெம்பெக்லரும் 1988இல் பணிப்பாளராகி, 1989 பருவம் முடியும்வரை அணியையும் நடத்தினார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பணம் பங்கிடுகிறவர் பங்கு கேட்கிறவராகவும் இருந்தால் மற்ற அணிகள் யாரிடம் போய் முறையிடும்?

நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்போல் பயிற்றுவிப்பாளர் ரொம் ஒஸ்போர்ன் வேறு வழியில் வந்தார். 25 பருவங்களில் 255 வெற்றி கண்டு 1997 பருவத்தோடு விலகினார். அப்புறம் அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்துவிட்டு, 2007இல்தான் பணிப்பாளராகத் திரும்பினார். வந்த சில வாரங்களிலேயே அப்போதைய தலைமைப் பயிற்றுவிப்பாளரை நீக்கவேண்டி வந்தது. அப்போதும் அணியைத் தன் கையில் எடுக்கவில்லை, போ பெலினியை நியமித்தார்.

கொட்டாஞ்சேனை வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். உதைபந்தாட்டத்துக்கு வேறொருவரை நியமிப்பதாக அதிபர் எழுத்தில் தரட்டும். அதன் பிறகு சம்மதம் சொல்லுங்கள்.