பாதியில் காலி செய்த அறைத்தோழருக்கு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மாதம் 24,000 ரூபாய் வாடகையில் மூவராகத் தங்கியிருந்தோம். அட்வான்ஸ் 1,20,000 ரூபாய், ஆளுக்கு 40,000. பதினோரு மாத ஒப்பந்தத்தில் நானும் ஒரு நண்பரும் மட்டுமே கையெழுத்திட்டோம். மூன்றாமவர் தம் பங்கை என் கணக்குக்கு அனுப்பினார். ஐந்தாம் மாதக் கடைசியில், நான்கு நாட்களுக்கு முன்புதான் சொல்லிவிட்டு அவர் காலி செய்துவிட்டார். 40,000 ரூபாயை உடனே தராவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்கிறார். மீதி ஆறு மாதப் பங்கான 48,000 ரூபாயை நான் அவரிடம் கேட்கலாமா? அவர் விட்டுச் சென்ற ஃபிரிட்ஜை அதுவரை பிடித்து வைக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, வீட்டு உரிமையாளருடனான கணக்கு. அதில் கையெழுத்திட்ட நீங்கள் இருவர் மட்டுமே வாடகைதாரர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 43-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, சேர்ந்து பொறுப்பேற்றவர்களில் எவரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் உரிமையாளர் கேட்கலாம். மூன்றாமவர் போனது உரிமையாளருடைய கவலை அல்ல; 24,000 ரூபாயும் அவருக்கு வந்தாக வேண்டும். அதேபோல், மூன்றாமவர் உரிமையாளரிடம் போய் அட்வான்ஸ் கேட்கவும் வழியில்லை. 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் முன்பணத்தைத் திருப்பித் தர ஒரு மாத அவகாசம் தருகிறது. அந்த அவகாசமும் வீட்டை ஒப்படைத்த பிறகே தொடங்குகிறது. நீங்கள் இன்னும் குடியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, உங்கள் மூவருக்குள் இருக்கும் கணக்கு. எழுத்தில் இல்லை என்பதால் அது செல்லாது என்று நினைக்க வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. அவர் 40,000 ரூபாய் அனுப்பிய வங்கிப் பதிவு, மாதந்தோறும் வந்த 8,000 ரூபாய், ‘நான் கிளம்புகிறேன்’ என்ற வாட்ஸ்அப் செய்தி ஆகிய எல்லாமே சான்றுகள்தான். நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் வாட்ஸ்அப் பதிவுடன், மின்னணுப் பதிவுகளுக்காகப் பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்), 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும் என்பதால், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

ஆனால் ஆறு மாதப் பங்கையும் அவர் தலையில் கட்டுவது எடுபடாது. போதிய முன்னறிவிப்பு இல்லாமல் விலகியதால் உண்டான நட்டத்தைக் கேட்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவின் விளக்கமே, நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வேளச்சேரியில் அறை தேடி அலைபவர்கள் குறைவில்லை. வந்து பார்த்தவர்களை எல்லாம் ஏதோ காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டுக் காலியிடத்துக்கான பணத்தை அவரிடம் கேட்டால், எந்த நடுவரும் ஏற்கமாட்டார். புதியவரைச் சேர்ப்பதற்கு முன் உரிமையாளருடன் எழுத்துப்பூர்வமான துணை ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது உள்வாடகை என்ற தனி வம்பாகிவிடும்.

என் பார்வையில், முன்னறிவிப்புக்கு ஈடாக ஒரு மாதப் பங்கு நியாயமானது. கூடவே மின் கட்டணம்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்பதால், அவர் போன நாள் வரையிலான அளவைத் தனியே பிரிக்க வேண்டும். அது 1,150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40,000-இல் 9,150 போக 30,850 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியது. பெயின்ட் செலவு என்று உரிமையாளர் கடைசியில் பிடிக்கப்போகும் தொகையை இப்போதே முழுசாகக் கழிக்காதீர்கள். ஐந்து மாதம் இருந்தவருக்கு ஐந்து மாத அளவே. பணம் உரிமையாளரிடம் கிடப்பதால், புதியவர் அட்வான்ஸ் தந்ததும் கொடுப்பது, அல்லது குறித்த ஒரு தேதிக்குள் கொடுப்பது என்று அவருக்கு இன்றே எழுதி அனுப்புங்கள். பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று அவர் சொல்ல இடமாகிவிடும்.

போலீஸ் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இது அடிப்படையில் சிவில் தகராறு, பணம் வசூலித்துத் தருவது காவல் நிலையத்தின் வேலை அல்ல. இந்த நிலையை நீங்களே கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அது அந்த ஃபிரிட்ஜ். அதை ஈடாகப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. விற்றாலோ சொந்தமாக்கிக்கொண்டாலோ கையாடல் என்ற குற்றப் புகாருக்கு, நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். எடுத்துச் செல்ல ஒரு தேதி குறித்துச் செய்தி அனுப்புங்கள். ஒப்படைக்கும் நாளில் ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள்.

பேச்சில் தீராவிட்டால், வாடகைச் சட்ட அதிகாரியிடம் போவதில் பயனில்லை. அவர் விசாரிப்பது உரிமையாளர், வாடகைதாரர் தகராறுகளை மட்டுமே. சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தாலும், இந்தத் தொகைக்கு அலைச்சலே மிஞ்சும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்தால் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். அங்கு மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது.

பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே அனுப்பி, குறிப்பில் ‘அட்வான்ஸ் கணக்கு முழுத் தீர்வு’ என்று எழுதுங்கள். கழித்த ஒவ்வொரு தொகையையும் காட்டி அவரிடம் ரசீது வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து விழ வேண்டும்.