குரூப்பை இந்த வாரமே மாற்றிவிடுங்கள் அக்கா

உசிலம்பட்டியில் மகளைப் பதினொன்றாம் வகுப்பில் பியூர் சயின்ஸ் சேர்த்துவிட்டோம், அவளோ போர் விமானி ஆகணும் என்கிறாள், தாய்மாமன் சிரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

மாமாவை விடுங்கள். அந்த குரூப்பில் கணக்கு கிடையாது, அதுதான் சிக்கல். விமானப்படையில் விமானி ஆக பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் கட்டாயம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என்டிஏ எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியோ, பட்டம் முடித்து ஆஃப்கேட் எனும் விமானப்படைத் தேர்வு வழியோ, இரண்டுக்கும் இதேதான். பின்னால் எந்தப் பட்டம் வாங்கினாலும் இந்த ஓட்டை அடைபடாது. நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்த்து பயோ மேத்ஸுக்கு மாற்றக் கேளுங்கள். உயிரியலும் கையில் இருக்கும். விட்டுப்போன பாடத்தை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம்.

அப்புறம், வீட்டுச் சுவரில் நிறுத்தி உயரம் அளந்து பாருங்கள். 162.5 செ.மீ. வேண்டும். கண்ணையும் இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், கிட்டப்பார்வை இருந்தால் கஷ்டம். விமானியாகும் திறனைச் சோதிக்கும் கணினித் தேர்வு ஒன்று உண்டு. அதில் தவறினால் வாழ்நாளில் மறு வாய்ப்பே இல்லை.

சரி, மாமாவுக்கும் ஒரு பதில் வேண்டுமே! துருக்கியின் சபிஹா கொக்சென் 1937லேயே போர் விமானம் ஓட்டினார். இரண்டாம் உலகப்போரில் சோவியத் பெண் லிடியா லித்வியாக் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார். நம் நாட்டில் 2016ல் மூன்று பெண்கள் போர் விமானிகளாக வந்தார்கள். அதில் அவனி சதுர்வேதி 2018ல் மிக் 21 போர் விமானத்தைத் தனியாக ஓட்டினார். என்டிஏவிலும் 2022 முதல் பெண்கள் படிக்கிறார்கள்.

குரூப் மாறியதும் இங்கே எழுதுங்கள். என்டிஏ கணக்குத் தாளுக்கு எதைப் படிக்கலாம் என்று சொல்கிறேன்.