வண்டிக்கு ஜிபிஎஸ் போட்டால் டீசல் கணக்கு நேராகுமா?

கேள்வி: நத்தம் ரோட்டில் சத்திரப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். இரண்டு குட்டி யானை வைத்துக் காய்கறி, தேங்காய், சீசனில் மாங்காய் என்று மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறேன். கொஞ்ச நாளாக டீசல் கணக்கு இடிக்கிறது. ஜிபிஎஸ் போடச் சொல்கிறார்கள். ஒரு கடையில் 1,800 ரூபாய், இன்னொரு கடையில் 6,500. இரண்டாவது கடைக்காரர் ‘இது கவர்மென்ட் கட்டாயம்’ என்கிறார். எதை வாங்குவது? கூடவே இன்னொன்று. மகள் மதுரையில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறாள். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, மறதி வந்துவிட்டது. நடக்கப் போனவர் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். இவர்களுக்கும் ஜிபிஎஸ் உதவுமா?

பதில்: வண்டி இரண்டுக்கும் போடுங்கள். மகளுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். அப்பாவுக்கு வாங்கலாம், ஆனால் அதை நம்பி அவரைத் தனியே அனுப்ப முடியாது.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் திரையை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறார்கள்? ‘எங்கே’ என்ற கேள்விக்கு மட்டும்தான் கருவி பதில் சொல்லும். பல ஓனர்கள் முதல் மாதம் போனும் கையுமாக இருப்பார்கள், அப்புறம் ஆப்பின் பாஸ்வேர்டே மறந்துபோகும். அப்படி ஆகப்போகிறது என்றால் 1,800 ரூபாயும் தண்டம்தான்.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் கடைக்காரரிடம் பேசுவது சுலபம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். உங்கள் வண்டி என்று ஒன்று இருப்பதே செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கருவி கேட்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்ட இடத்தை உங்கள் போனுக்குக் கொண்டு வருவது உள்ளே போட்டிருக்கும் சிம் கார்டு. ஆகவே கோளாறும் இரண்டு இடத்தில் வரலாம். ஒன்று வானம் தெரியாமல் போவது, இன்னொன்று டவர் கிடைக்காமல் போவது.

உங்கள் வழித்தடத்திலேயே முதல் வகைக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நத்தம் சாலையின் 7.3 கிலோமீட்டர் உயர்மட்டப் பாலம் 2023-இல் திறந்ததிலிருந்து, மேலே போகும் வண்டியும் கீழே போகும் வண்டியும் மேப்பில் ஒரே கோட்டில்தான் தெரியும். ஐயர் பங்களா, நாராயணபுரம் பக்கம் பாலத்துக்கு அடியில் வண்டி நின்றால் புள்ளி பக்கத்துத் தெருவுக்குள் போய் நிற்கலாம். அதைப் பார்த்துவிட்டு ‘அந்தத் தெருவில் உனக்கு என்ன வேலை?’ என்று டிரைவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர்தான் தப்பும். கான்கிரீட்டுக்கு அடியில் எவ்வளவு தப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சிறுமலை மாதிரி மலைப்பாதையில் இரண்டாவது வகைக் கோளாறு வரும். வானம் தெரியும், டவர் இருக்காது. சுமாரான கருவிகூட அந்த நேரத்துப் பதிவைச் சேமித்து வைத்து, கீழே இறங்கியதும் மொத்தமாக அனுப்பிவிடும். வாங்கும்போது இதைக் கேளுங்கள். இந்தச் சேமிப்பு இல்லாத கருவியை நான் சும்மா கொடுத்தாலும் மாட்டச் சொல்ல மாட்டேன்.

இனி டீசல். ஜிபிஎஸ் டீசலை அளக்காது. டேங்குக்குள் தனியாக ஒரு சென்சார் இறக்கினால்தான் அளவு தெரியும். குட்டி யானையின் சின்ன டேங்கில் அது மேடு பள்ளத்துக்கெல்லாம் ஏறி இறங்கிக் காட்டும், உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். ஜிபிஎஸ் தருவது வேறு: வண்டி உண்மையில் ஓடிய தூரம், நின்ற நேரம், நின்றபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்ற விவரம். ஃபுல் டேங்க் போட்டு, அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தால் இரண்டு வண்டிக்கும் தனித்தனி மைலேஜ் கிடைக்கும். ஒரே மாதிரி லோடு, ஒரே வழி, ஆனால் ஒரு வண்டி மட்டும் குடிக்கிறது என்றால் முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், டிரைவரை அப்புறம் கேட்கலாம். காற்று குறைந்த டயரும் அடைத்த ஏர் ஃபில்டரும் டீசல் திருடும்.

என்ஜின் ஓடிக்கொண்டே நின்ற நேரம் தெரிய வேண்டுமென்றால் கருவியின் இக்னிஷன் வயரைச் சேர்த்திருக்க வேண்டும். அவசரத்தில் மாட்டும் கடைகளில் பேட்டரியின் இரண்டு வயரை மட்டும் கொடுத்துவிட்டு, மூன்றாவதைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். மண்டியில் இறக்க வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் வண்டி ஆஃபில் இருந்ததா, ஆனில் இருந்ததா என்பதுதான் உங்கள் கணக்கில் பெரிய ஓட்டையாக இருக்கக்கூடும். மாட்டி முடித்ததும் சாவியைத் திருப்பி, ஆப்பில் ‘ஆன்’ மாறுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

‘கவர்மென்ட் கட்டாயம்’ பற்றி: இருப்பிடக் கருவியும் அவசர பட்டனும் வேண்டும் என்கிற மத்திய மோட்டார் வாகன விதி 125எச், பஸ், டாக்சி போல ஆள் ஏற்றும் பொதுச் சேவை வண்டிகளுக்காக வந்தது. அதற்கான தரம்தான் ஏஐஎஸ்-140. 2019 ஜனவரி முதல் பதிவாகும் புது வண்டிகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது. காய்கறி ஏற்றும் உங்கள் வண்டிக்கு இந்த விதியைக் காட்டி விற்றால் நம்ப வேண்டாம், சந்தேகம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். நாளைக்கு ஒரு வேன் வாங்கி ஆள் ஏற்றினால் அப்போது ஏஐஎஸ்-140 கருவிதான் போட வேண்டும்.

அப்படியானால் 1,800 ரூபாய்க் கருவியே போதுமா? விலையைவிட அதன் சிம்மைப் பாருங்கள். மலிவுக் கருவிகள் பலவும் 2ஜியில் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் கருவி உயிரே பெறாது. இப்போது வாங்குவதாக இருந்தால் 4ஜி வாங்குங்கள். சிம் யார் பெயரில், ரீசார்ஜ் யார் பொறுப்பு, இரண்டாவது வருஷச் சந்தா எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விற்ற கம்பெனி நாளை மூடிவிட்டால் கருவியை வேறு சர்வருக்கு மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள். முடியாது என்றால் அது எப்போது வேண்டுமானாலும் வெறும் டப்பாவாகிவிடும்.

டாஷ்போர்டுக்குள் மேல் பக்கம், பிளாஸ்டிக்குக்கு அடியில், ஆன்டெனா முகம் வானத்தைப் பார்க்கும்படி மாட்டச் சொல்லுங்கள். இரும்புத் தகட்டுக்குப் பின்னால் வேண்டாம். வயரில் ஃபியூஸ் இல்லாமல் விடாதீர்கள். பேட்டரி வயரை யாராவது கழற்றினால் உடனே எச்சரிக்கை வர வேண்டும், உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி சில மணி நேரமாவது தாங்க வேண்டும். வண்டி காணாமல் போனால் அந்த அவகாசத்தில்தான் எல்லாம். அப்போதும் புள்ளியைத் துரத்திக்கொண்டு நீங்களே போகக் கூடாது. அவசர உதவி எண் 112-க்குச் சொல்லிவிட்டு, லைவ் இருப்பிடத்தைப் போலீஸிடம் கொடுங்கள்.

போனிலிருந்தே என்ஜினை நிறுத்தும் ரிலேயைக் கூடவே விற்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஓடும் வண்டியில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மட்டமான ரிலே ஒன்று பழுதானால், விடியற்காலை நாலு மணிக்கு லோடோடு வண்டி நடுரோட்டில் நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. மைகோடஸ் எம்வி720 என்ற கருவியில் இருந்த ஓட்டைகளைப் பற்றி 2022-இல் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் வண்டியைக் கண்காணிக்கலாம், எரிபொருளையும் துண்டிக்கலாம் என்ற நிலை. அதன் ஆரம்ப பாஸ்வேர்டு 123456. நீங்கள் எந்தக் கருவி வாங்கினாலும், கடையை விட்டுக் கிளம்புமுன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், டிரைவரிடம் சொல்லாமல் மாட்டாதீர்கள். ‘வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது, டியூட்டி நேரத்தில் பார்ப்பேன்’ என்று நேராகச் சொல்லுங்கள். ராத்திரி வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்துவதாக இருந்தால், அந்த நேரத்து விவரத்தைத் தோண்டாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. ஜாமீனில் வந்தவரின் கூகுள் மேப் இருப்பிடத்தைப் போலீஸ் எப்போதும் பார்க்கும்படி நிபந்தனை போடக் கூடாது என்று 2024-இலும் தீர்ப்பு வந்திருக்கிறது. வழக்கில் சிக்கியவருக்கே அப்படியென்றால், உங்களிடம் வேலை பார்ப்பவருக்குக் கேட்பானேன். தவிர, கருவி அவருக்கும் சாட்சி. ‘வண்டி லேட்டாக வந்தது’ என்று மண்டியில் பேரம் குறைத்தால், வந்து நின்ற நேரத்தைக் காட்டலாம்.

சரி, மகள் விஷயம். ஸ்கூட்டியில் கருவி மாட்டினால் ஸ்கூட்டி எங்கே என்றுதான் தெரியும், அவர் எங்கே என்று தெரியாது. வேலை முடிந்து கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை அவரே அனுப்பட்டும். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கிறது, வீடு வந்து சேர ஒரு மணி நேரம் போதும். நாள் முழுக்க வேண்டும் என்று அடம் பிடித்தால், ஒரு நாள் எரிச்சலில் அணைத்துவிடுவார். அப்புறம் தேவையான நேரத்திலும் கிடைக்காது.

பார்க்கிற உங்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். புள்ளி எங்கே என்பதோடு, அது எப்போது கடைசியாக மாறியது என்பதையும் பாருங்கள். போன் அணைந்தாலும் டவர் போனாலும் பழைய இடமே திரையில் நிற்கும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், புள்ளியும் ஒரு மணி நேரம் அங்கேயேதான் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லட்சக்கணக்கான பேர் வைகைக் கரையில் நிற்கும்போது டவர் திணறும், லைவ் லொக்கேஷன் பத்து நிமிடம் பின்தங்கலாம். அன்றைக்கு மேப்பை நம்பாமல், ‘தவறிவிட்டால் இந்த இடத்துக்கு வந்து நில்’ என்று முன்கூட்டியே பேசி வைப்பதுதான் உருப்படி. புள்ளி நகரவில்லை என்றால் முதலில் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் யாருக்கு அடுத்த போன், யார் வண்டியை எடுத்துக்கொண்டு போவது என்பதையும் இன்றைக்கே பேசிவிடுங்கள்.

மகள் போனில் தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியைப் போட்டு, ஒருமுறை திறந்து பதிவு செய்து வைக்கட்டும். அவசர அழைப்புக்குப் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது போனுக்குப் போன் மாறும். அமைப்புகளில் அதைப் பார்த்து, உங்கள் எண்ணையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

அப்பாவுக்குத்தான் நான் அதிகம் யோசிக்கச் சொல்வேன். சிம் போட்ட கடிகாரம், கழுத்தில் தொங்கும் பதக்கம் என்று கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றை ஓரிரு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். சார்ஜுக்குக் கழற்றிய அன்றைக்குத்தான் அவர் வெளியே போவார், அது ஒரு ராசி. ஆகவே அவர் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டைச் சுற்றி எல்லை போட்டு, தாண்டினால் மணி அடிக்கும்படி வைக்கலாம். அந்த எல்லையை 50 மீட்டர் என்று வைக்காதீர்கள். வீட்டுக்குள் சிக்னல் தடுமாறிப் புள்ளி தானாகவே நகரும், நடு ராத்திரியில் நீங்கள் எழுந்து ஓடுவீர்கள். 200 மீட்டருக்கு மேல் வையுங்கள். இந்த வகைக் கருவிகளிலும் பாஸ்வேர்டு கதைதான். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் விற்ற சுமார் 6 லட்சம் கருவிகள் 123456 என்ற பாஸ்வேர்டோடு திறந்து கிடந்ததை அவாஸ்ட் நிறுவனம் 2019-இல் கண்டுபிடித்தது.

ஆப்பிளின் ஏர்டேக் மாதிரி, தொலைந்த பொருளைத் தேட உதவும் வில்லைகளைச் சட்டையில் தைத்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஏர்டேக்குக்குள் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகும் ஐபோன்கள்தான் அதன் இடத்தைச் சொல்கின்றன. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் உதவும், உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் உதவாது. ஆண்ட்ராய்டு வில்லைகளும் பல போன்கள் நடமாடும் இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பேட்டரி சுமார் ஒரு வருஷம் வருகிறது என்பதால், கடிகாரத்துக்குத் துணையாக ஒன்றைத் தைத்து வைத்தால் நஷ்டமில்லை.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால், இன்றைக்கே அவர் சட்டைப் பையில் பெயர், ஊர், உங்கள் இரண்டு போன் எண்கள் எழுதிய அட்டையை லேமினேட் செய்து வையுங்கள். வேட்டி மாற்றினாலும் சட்டை மாறினாலும் போகாதபடி, கையில் ஒரு வளையத்திலும் எண்ணைப் பொறித்துப் போடலாம். அவர் வழக்கமாக நடக்கும் பாதையில் இருக்கும் டீக்கடை, மளிகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாவற்றிலும் அவர் போட்டோவைக் காட்டி, ‘தனியாகப் பார்த்தால் உட்கார வைத்து எனக்குப் போன் பண்ணுங்க’ என்று சொல்லி வையுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. காணவில்லை என்றால் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் 112-க்கு உடனே சொல்லுங்கள். அன்று காலை அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்பார்கள், அதனால் தினமும் காலையில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.