பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர்: 900 ரிங்கிட் கூடுதல் சம்பளம் போதுமா?

பட்டர்வொர்த்தை விட்டு, மாதம் 900 ரிங்கிட் கூடுதலாகத் தரும் கோலாலம்பூர் வேலைக்குப் போகலாமா என்று செலவுப் பட்டியலோடு கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் எல்.ஆர்.டி. நகர ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் மட்டும். 900 ரிங்கிட் கூடக் கிடைத்தும் ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறீர்கள். உங்கள் பட்டியலில் அதைத் தின்பது பெரும்பாலும் கார்தான். பெட்ரோல், டோல், பார்க்கிங் மூன்றையும் அடித்துவிட்டு, மை50 பயண அட்டைக்கு மாதம் 50 ரிங்கிட் என்று எழுதிப் பாருங்கள். மலேசியக் குடிமக்களுக்கு கோலாலம்பூரின் பொதுப் போக்குவரத்தான ரேபிட் கேஎல் ரயில், பஸ் இரண்டிலும் அது செல்லும்.

அறை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அறை வாசலிலிருந்து அலுவலகம்வரை போய்ப் பாருங்கள். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் நான் முதலில் எடுத்த அறை, வரைபடத்தில் நிலையத்துக்குப் பக்கம்தான். நடுவிலோ நடைபாதையே இல்லாத சாலை. மழை நாளில் முழங்கால்வரை நனைந்துதான் ரயில் ஏறுவேன். நான்கே மாதத்தில் வேறிடம் மாறினேன்.

வைப்புத்தொகை பெரும்பாலும் இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. மூன்றரை மாத வாடகைப் பணம் கையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இ.டி.எஸ். என்னும் நகரங்களுக்கிடையிலான விரைவு ரயிலில் வீடு வர நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அவசரத்துக்கு ஓடிவரப் பக்கத்தில் உடன்பிறந்தவர் யாரும் இல்லையென்றால், நானாக இருந்தால் இந்த வேலையை ஏற்க மாட்டேன்.