மாரிக்குப் போட்டைக் கரையில ஏத்தி வைக்கிறது: கேட்டதும் சொன்னதும்

முல்லைத்தீவுக் கரையில பைபர் போட்டு (கண்ணாடி நார்ப் படகு) திருத்திற வேலை என்ர. ஒவ்வொரு வருசமும் மாசி பிறந்தால் எனக்கு மூச்சு விட நேரம் இராது. அவ்வளவு போட்டும் கடலில அடிபட்டு வாறது எண்டு நினையாதேங்கோ. பாதிக்கு மேல வாடைக் காலம் முழுக்க முத்தத்தில சும்மா நிண்டு பழுதானது. புரட்டாதி முடியப் போகுது, போட்டுகளை ஏத்தத் தொடங்கியாச்சு. அதால இந்த முறை ஏத்திறதுக்கு முன்னமே கேள்வியளை அனுப்பச் சொன்னனான். வந்ததில ஒரே மாதிரியானதுகளைச் சேர்த்து எழுதுறன்.

அளம்பிலில இருந்து ஒரு தம்பி: 18 அடி பைபர் போட். கவிட்டு வைக்கிறதோ, நிமித்தி வைக்கிறதோ? வீட்டில ரெண்டு கட்சி.

ஆக்கள் இருந்தால் கவிட்டு வையுங்கோ. ஏன் எண்டு விளங்கினால் மற்றக் கேள்வியளுக்கும் பாதி மறுமொழி அதுக்குள்ளயே கிடக்கு.

கடலில நிக்கேக்க தண்ணி வெளியில. அந்தத் தண்ணியே போட்டை நாலு பக்கத்தாலயும் ஏந்திக்கொண்டு நிக்கும். கரையில மழைத்தண்ணி உள்ளுக்கு. வெளியில ஏந்த ஒண்டும் இல்லை, கீழ வைச்ச ரெண்டு குத்தி மட்டும்தான். 18 அடிப் போட்டின்ர வாய் ஏறக்குறைய 6 சதுர மீற்றர் வரும். 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 600 லீற்றர் தண்ணி, 600 கிலோ. போட்டின்ர சொந்தப் பாரத்தை விடக் கூட. கார்த்திகை, மார்கழியில ஒரே நாளில 100 மில்லிமீற்றர் பெய்யிறது எங்கட பக்கம் புதினமே இல்லை. அந்தப் பாரம் முழுக்க ரெண்டு குத்தியில இறங்கினால், குத்தி படுற இடத்தில அடி உள்ளுக்கு வளையும். வெளியில ஒண்டும் தெரியாது. கடலுக்குப் போய் ரெண்டு கிழமையில அந்த இடத்தில மயிர் மாதிரி ஒரு கோடு ஓடும்.

கவிட்டால் விளிம்பு மண்ணில முட்டக் கூடாது. அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, கிட்ட ஒண்டு, பின்பக்கம் ஒண்டு எண்டு பழைய தென்னங்குத்தி போட்டு, மேல ரயர்த் துண்டு வைச்சு, ஒரு சாண் உயரம் காத்து ஓட விடுங்கோ. புரட்டிறதுக்கு ஆறு, எட்டுப் பேர் வேணும். ஆக்கள் இல்லாட்டில் நிமித்தியே வையுங்கோ, ஆனால் அணியம் ஒரு முழமாவது உயர்ந்து நிக்கோணும், பின்னால தண்ணி போற ஓட்டையின்ர தக்கை கழண்டு இருக்கோணும். ரெண்டு குத்தி காணாது, மூண்டு நாலு இடத்தில மண் மூட்டையால அடியை ஏந்துங்கோ.

கொக்குளாய்: நான் தக்கையைக் கழட்டித்தான் வைச்சனான். பிறகும் போன வருசம் இருக்கிற வாங்குப் பலகை மட்டும் தண்ணி நிண்டுது. எப்பிடி?

எனக்கும் நடந்தது, 2018 டிசெம்பர் வெள்ளத்தில. தக்கை கழட்டி எஞ்சின் கட்டிற பலகையில தொங்குது, போட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. கையை விட்டுத் தடவிப் பாத்தால் ஓட்டையில ஒரு பூவரசமிலை, முத்திரை ஒட்டின மாதிரி. ஒரே ஒரு இலை. தண்ணி கூடக் கூட அந்த இலையை ஓட்டையோட இன்னும் இறுக்கி அமத்திக்கொண்டு இருந்திருக்கு. உரிச்சு எடுத்த உடன ஒரு பீச்சல், என்ர சாரம் முழுக்க நனைஞ்சு போச்சு. ஊருக்கே போட்டுத் திருத்திறவன்ர போட்டில நடு வாங்கு வெடிச்சுப் போய்க் கிடந்தது. அந்தக் கதையை இப்பவும் ஆரோ ஒருத்தர் எனக்கு ஞாபகப்படுத்துவினம்.

ஓட்டையின்ர வாயிலயே வலைத்துண்டு கட்டினால் பிரயோசனம் இல்லை, அதிலயும் இலை ஒட்டும். உடைஞ்ச மீன் பெட்டியில ரெண்டு சாண் அகலத் துண்டொண்டை வெட்டி, ஓட்டைக்கு முன்னால சாய்ச்சு நிறுத்துங்கோ. பத்து இலை வந்து ஒட்டினாலும் மிச்ச இடத்தால தண்ணி போகும். அதோட, அடியில குறுக்கு வங்கு (அடியைத் தாங்கிற குறுக்குக் கட்டை) இருக்கிற போட்டில ஒவ்வொரு வங்குக்குக் கீழயும் ஒரு சின்ன வழி இருக்கும். மண்ணும் செதிலும் அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குத்தி எடுங்கோ.

ரொறன்ரோவில இருந்து ஒருவர்: இஞ்ச பனிக்கு முதல் போட்டைப் பிளாஸ்ரிக்கால சுருக்கிச் சுத்தி, எஞ்சினுக்குள்ள உறையாத திரவம் விடுவினம். செம்மலையில அப்பாட போட் நிக்குது. அதுக்கும் அப்பிடி ஒண்டு அனுப்பவோ?

வேண்டாம். உங்கட பக்கம் எதிரி ஐஸ். தண்ணி உறைஞ்சால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், எஞ்சின் இரும்பையே பிளந்து போடும். செம்மலையில எந்த மார்கழியிலயும் தண்ணி உறையப் போறதில்லை. எங்கட எதிரி புழுக்கம். ரெண்டு நாள் மழை, மூண்டாம் நாள் சுள்ளெண்டு வெயில். இறுக்கிச் சுத்தின பிளாஸ்ரிக்குக்குள்ள போட் புட்டுப் பானையில வைச்ச மாதிரி அவியும். மரப் பலகை பூஞ்சணம் பிடிக்கும், வயர் நுனி எல்லாம் பச்சை பூக்கும்.

அப்பாவுக்கு நல்ல தறப்பாளும் கயிறும் வாங்கக் காசு அனுப்புங்கோ. அணியத்தில இருந்து பின்பக்கம் வரைக்கும் நடுவால ஒரு கமுகஞ் சலாகை, அதுக்கு மேல தறப்பாள், வீட்டுக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிவு. முன்னுக்கும் பின்னுக்கும் திறந்து இருக்கோணும். சலாகை இல்லாமல் தட்டையா விரிச்சால் நடுவில தண்ணி தொட்டில் கட்டி, ஒரு இரவில தறப்பாளும் போயிடும்.

வட்டுவாகல்: நந்திக்கடல் களப்புக் கரையில பத்திரமா நிக்கும் எண்டு நினைச்சு அங்கதான் வைக்கிறனாங்கள். சரியோ?

அலைக்குப் பத்திரம், வெள்ளத்துக்கு இல்லை. எங்கட கரையில வத்துப் பெருக்குப் பெரிசில்லை. அதால "தண்ணி இஞ்ச மட்டும்தான் வரும்" எண்டு ஒரு கோடு எல்லார் மனசிலயும் இருக்கு. மாரிக்கு அந்தக் கோடு செல்லாது. மழை வெள்ளம் வந்து நிரம்ப நிரம்ப நந்திக்கடல் உயரும், பிறகு தொடுவாய் (களப்பு கடலோட சேருற மணல் வாய்) வெட்டுப்பட்டு ஒரே இழுவையாக் கடலுக்குப் போகும். தொடுவாய்க்குக் கிட்ட நிண்டது எல்லாம் அதோட போகும். நாயாறு, கொக்குளாய்க்கும் இதே கதைதான். போன வெள்ளத்தில தண்ணி வந்த இடத்தைக் கிழவர்மாரிட்டக் கேட்டு, அதுக்கும் மேல ஏத்துங்கோ. கடற்கரையில வைக்கிறவை முன்மேட்டைத் தாண்டி உள்ளுக்கு வையுங்கோ. தென்னைக்குக் கீழ மட்டும் வேண்டாம், தேங்காய் பைபருக்கு இரக்கம் பாராது.

புயல் எண்டு அறிவிச்சால் போட்டுக்குள்ள தண்ணி நிரப்பினால் பறக்காது எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ? (ரெண்டு மூண்டு பேர் கேட்டிருக்கினம்)

பறக்காதுதான். சமமான மணலில அடி முழுக்கப் படிஞ்சு இருந்தால் கரண்டைக்கால் அளவு விடலாம். குத்தியில நிக்கிற போட்டுக்கு விட்டால், புயல் செய்யாததை நீங்களே செய்து முடிச்ச மாதிரி. முதல் கேள்வியின்ர கணக்கை இன்னொருக்காப் பாருங்கோ.

நான் கயிறைத்தான் நம்புறன். ஆனால் முளையை நேரா அடிச்சுக் கட்டாதேங்கோ. மழையில ஊறின மணல் முளையைப் பல்லுப் பிடுங்கிற மாதிரி விட்டிடும். மூண்டு அடிக்குக் கிடங்கு வெட்டி, ரெண்டு முழக் கட்டையைக் குறுக்காப் படுக்கப் போட்டு, நடுவில கயிறு கட்டி மூடி மிதியுங்கோ. போட்டின்ர ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு. இழுக்க இழுக்க மண் முழுக்கச் சேர்ந்து பிடிக்கும். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கால கரையேறின நேரம் நான் இப்பிடிக் கட்டின ரெண்டு போட்டும் விடியப் பாக்க வைச்ச இடத்திலயே நிண்டுது. பக்கத்தில முளையில கட்டினது முளையோட வேலியில கிடந்தது.

நாச்சிக்குடா: 15 எச்பி மண்ணெண்ணெய் எஞ்சின். வீட்டுக்குள்ள ஒரு மூலையில படுக்கப் போட்டு வைக்கலாமோ? எங்கட பக்கம் வாடைக்கும் இடைக்கிடை தொழில் இருக்கு.

இடைக்கிடை ஓடுற எஞ்சின் தானாத் தப்பும். ஒரு மாசத்துக்கு மேல நிக்கப் போகுது எண்டால்தான் இந்த வேலை. ஒரு பரலில நல்ல தண்ணி நிரப்பி, எஞ்சின்ர காலை (தண்ணிக்குள்ள நிக்கிற கீழ்ப்பகுதியை) அதுக்குள்ள விட்டுப் பத்து நிமிசம் ஓட விடுங்கோ, உள்ளுக்குப் படிஞ்ச உப்புக் கரைஞ்சு போகும். தண்ணி இல்லாமல் ஓட விடாதேங்கோ, பம்புக்குள்ள இருக்கிற ரப்பர்க் காத்தாடி கொஞ்ச நேரத்திலயே கருகிடும். கடைசி மூண்டு நிமிசம் பெற்றோலுக்கு மாத்தி, பிறகு எண்ணெய்க் குழாயைக் கழட்டி, தானா நிக்கும் வரைக்கும் ஓட விடுங்கோ. கபரேற்றருக்குள்ள மண்ணெண்ணெய் நிண்டால் மாசிக்கு அது பிசின்.

பிளக்கைக் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு தேக்கரண்டி ரூ-ஸ்ரோக் ஒயில் விட்டு, கயிறை மெல்ல நாலு தரம் இழுத்துப் பிளக்கைப் பூட்டுங்கோ. கீழ் கியர்ப்பெட்டியின்ர அடி ஆணியையும் கொஞ்சம் தளத்திப் பாருங்கோ. வாற ஒயில் பால்த் தேத்தண்ணி நிறம் எண்டால் உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு. மாசி வரைக்கும் பாத்துக்கொண்டு இராமல் இப்பவே ஒயிலையும் சீலையும் மாத்துங்கோ. அந்தத் தண்ணி நாலு மாசம் கியரைத் தின்னும்.

படுக்க வைக்காதேங்கோ. காலுக்குள்ள மிச்சம் இருக்கிற தண்ணி திரும்பி சிலிண்டர்ப் பக்கம் ஏறும். மரத்தில ஒரு குதிரை (தாங்கி) அடிச்சு, போட்டில நிக்கிற மாதிரி நிமித்திக் கொழுவுங்கோ. மேல பழைய சேலையோ சாக்கோ போட்டால் காணும், பொலித்தீன் வேண்டாம். வயரை எலி தின்னாமல் பூனை ஒண்டு இருந்தால் நல்லது, எனக்கு அதை விட நல்ல வழி தெரியாது.

முள்ளியவளையில இருந்து ஒரு அக்கா: பக்கத்து வளவில நிக்கிற போட்டில தண்ணி நிண்டு நுளம்பு. கேட்டால் "உப்புத் தண்ணி அக்கா, டெங்கு வராது" எண்டு சொல்லுறார்.

அவர் சொல்லுறது பிழை அக்கா. எங்கட நாட்டுக் கரையோரங்களில எடுத்துப் பாத்து 2011இல வெளிவந்த ஆய்வொண்டில, கைவிட்ட மீன்பிடிப் போட்டுகளில நிண்ட உவர்த்தண்ணியிலயும் டெங்கு நுளம்பின்ர குடம்பியைக் கண்டிருக்கினம். ரெண்டு பிடி உப்பை அள்ளிப் போட்டுட்டு நிம்மதியா இருக்கேலாது. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். கிழமைக்கு ஒருக்காத் தண்ணியை ஊத்தச் சொல்லுங்கோ. டெங்குக்குப் பயப்பிடாட்டிலும் போட் வெடிக்கும் எண்டு சொல்லுங்கோ, அதுக்குப் பயப்பிடுவார்.

அப்பா விட்டுப்போன மர வள்ளம். தண்ணி படாமல் கொட்டிலுக்குள்ள வைச்சிருக்கிறன். சரிதானே?

கடல் தண்ணி மரத்தைப் பழுதாக்கும், மழைத் தண்ணி சுத்தம் எண்டு கனபேர் நினைக்கினம். மரத்தை உக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு உப்புப் பிடியாது. மழைத் தண்ணி எண்டால் அதுக்குக் கலியாண வீடு. அதால கொட்டில் நல்ல முடிவு. ஆனால் கனக்கக் காஞ்சால் பலகை சுருங்கிப் பூட்டு விடும். நிலத்தில இருந்து தூக்கி வையுங்கோ, கறையானுக்கு ஏரா (அடியில ஓடுற நீட்டு மரம்) நல்ல சாப்பாடு. உள்ளுக்கும் வெளியிலயும் மீனெண்ணெய் பூசுங்கோ. மணத்துக்கு வீட்டில பேச்சு விழும், பொறுக்கோணும்.

முத்தையன்கட்டு: குளத்துத் தோணி. கரையில நிண்டால் காணும்தானே?

குளம் நிரம்பினால் எந்தக் கரை? இப்ப நிக்கிற தண்ணிக்கரையைப் பாத்து வையாதேங்கோ. மிச்சத் தண்ணி வான் பாயிற மட்டத்துக்கும் மேல வையுங்கோ. கதவு திறக்கிற பக்கம் கிட்டவும் வேண்டாம்.

மாத்தளன்: அடியில ஒரு வெடிப்பு. போட் சும்மா நிக்கிற நேரம்தானே, மாரிக்குள்ளயே பைபர் ஒட்டி விடலாமோ?

இந்த வேலையை நான் மாரிக்கு எடுக்கிறதில்லை. காசு வேண்டாம் எண்டில்லை. ஈரப் பைபரில ரெசின் (பைபரை ஒட்டிற பசை) பிடியாது. மேல பாக்கக் கல்லு மாதிரி இருக்கும், அடியில ஒட்டியிராது, முதல் அலையில அப்பளம் மாதிரிக் கழண்டு வரும். மேல் பூச்சில கொப்புளம் போடுறதும் உள்ளுக்குப் போன ஈரத்தாலதான், அதில கடல் தண்ணியை விட நல்ல தண்ணி பொல்லாதது.

இப்ப செய்யக் கூடியது, ஒரு ரெண்டு ரூபா நாணயக் குத்தியால வெடிப்பைச் சுத்தித் தட்டிப் பாருங்கோ. "டக்" எண்டு கேக்கிற இடம் நல்லது. "தொப்" எண்டு கேட்டால் அதுக்குள்ள பிரிஞ்சு கிடக்கு. "தொப்" கேக்கிற எல்லையைப் பெயின்ரால கோடு போட்டு, வெடிப்பைக் காத்துப் படுற மாதிரித் திறந்து விடுங்கோ. கறுத்தத் தார், பிசின் எண்டு ஒண்டையும் அப்பாதேங்கோ, அதைச் சுரண்டிறதுக்கே எனக்கு ஒரு நாள் போகும். தை கடந்து நாலைஞ்சு நல்ல வெயில் எறிச்ச பிறகு கொண்டு வாங்கோ.

கடைசியா ஒரு தம்பி: திரும்ப இறக்கேக்க என்ன பாக்கோணும்?

கவிட்ட போட்டை நிமித்த முதல் ஒரு தடியால உள்ளுக்குத் தட்டுங்கோ. மழைக்கு ஒதுங்கின புடையன் பாம்பு அதுக்குள்ள சுருண்டு கிடக்கும், கையை விட்டுத் தூக்கின ஆக்களை ஆசுப்பத்திரியில கண்டிருக்கிறன். பிறகு தக்கை. ஏத்தேக்கயே அதை எஞ்சின் கைபிடியில கட்டி விடுங்கோ. எஞ்சினைப் பூட்டேக்கத் தானாக் கையில தட்டுப்படும். வருசத்துக்கு ஒருத்தர் தக்கை இல்லாமல் இறக்கி, அரை மைல் போன பிறகு கால் நனையுது எண்டு திரும்பி வருவார். போன வருசம் வந்தவர் இதை வாசிப்பார், அதால ஊர் சொல்லேல்லை.